மாதம் ஒரு மடல்: வாய்விட்டு எண்ணுக!



சென்ற மாதம் இப்பகுதியில் நம் பிள்ளைகளின் தமிழ் வகுப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர், "தமிழ் கற்பது நன்று, ஆனால் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு மாதம் எழுதலாகாதா?" என்று கடிதம் விடுத்திருந்தார். நியாயமான கேள்வி. நாம் இந்த நாகபுரிக்கு வந்து சேர்ந்ததே வேலையை நாடித்தான். நம் தந்தைமார் ரயில்வேயை நம்பி வந்தனர். நம் பிள்ளைகளோ கணிப்பொறி படித்துவிட்டு, புனேக்கும் ஐதராபாத்துக்கும் பெங்களூருக்கும் இரவு வண்டியேறிச் சென்று தொழில்நுட்ப நிறுவனங்களின் வாயிலில் நிற்கின்றனர். சென்றவர்களிற் பலர் மறுநாள் இரவு வண்டியிலேயே திரும்பி வருகின்றனர். அங்கே என்ன நடந்தது என்று வீட்டார் கேட்டால், "பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்ற ஒரே விடைதான்.

பத்தாம் வகுப்புத் தேறிப் பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்குக் கணிப்பொறி நிறுவனங்களைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி ஒன்றுமில்லை, செவி உண்டு. இரண்டு மாதங்களாக நம் சங்க நூலகத்தில் மாலைதோறும் கூடும் இளைஞர்களிடமும் பெண்களிடமும் அவர்களுடைய நேர்முகத் தேர்வு அனுபவங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். வேலை பெற்றவர்களும் சொன்னார்கள், பெறாதவர்களும் சொன்னார்கள். அவற்றிலிருந்து தேர்ந்தவற்றை இங்கே தருகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

முதலில் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும். நமக்குப் பழகிய தேர்வு வேறு. இவர்கள் எழுதும் தேர்வு வேறு. நம் இலாகாவில் எழுத்துத் தேர்வே பெரிது. அதிலும் 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் 'சி' பிரிவுப் பதவிகளுக்கு நேர்முகத் தேர்வு என்பதையே எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் பட்டியல் வெளிவரும். அதில் நம் எண் இருந்தால் வேலை, இல்லையேல் இல்லை. ஏன் இல்லை என்பதும் எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். தொழில்நுட்ப நிறுவனங்களிலோ எழுத்துத் தேர்வு வெறும் வாயிற்படிதான். அது கணிப்பொறியின் முன் அமர்ந்து எழுதுவது. காமிரா பார்த்துக்கொண்டே இருக்கும். வேறு பக்கத்தைத் திறந்தால் தேர்வு அத்துடன் முடிந்துபோதலும் உண்டு. கணக்கு, ஆங்கிலம், தருக்கம் இவற்றோடு நிரல் எழுதும் வினா ஒன்றிரண்டும் இருக்கும். டி.சி.எஸ். நிறுவனம் நாடு முழுவதற்கும் இத்தகைய தகுதித் தேர்வு ஒன்றை நடத்துகிறது. இதில் தேறியவர்களுக்குத் தொழில்நுட்பப் பேட்டி. பின்னர் நிர்வாகப் பேட்டி. கடைசியில் ஆள் எடுக்கும் பகுதியாரின் பேட்டி. பெரிய நிறுவனங்களில் நான்கைந்து பேர் ஒருவர்பின் ஒருவராக ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வினவுவர். எந்தப் படியில் கால் வழுக்கியது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி, கேட்ட அனுபவங்களுக்கு வருகிறேன்.

முதலாமவன் அஜ்னி காலனியில் வளர்ந்த இளைஞன். கணக்கிற் புலி. புனேயில் ஒரு நிறுவனத்தில் அவனிடம், "வரிசைப்படுத்தப்பட்ட பத்து லட்சம் எண்களில் குறிப்பிட்ட ஓர் எண்ணை எவ்வளவு விரைவில் தேடுவாய்?" என்று வினவினர். விடை எளிது. ஆயிரம் பக்கமுள்ள பதிவேட்டில் ஒரு ரசீது எண்ணைத் தேடும் அனுபவமுள்ள குமாஸ்தா முதற் பக்கத்திலிருந்தா புரட்டுவான்? நடுவிலே திறப்பான். தேடும் எண் அதைவிடப் பெரிதாயின் பின்பாதியை மட்டும் கொள்வான். அதிலும் நடுவே திறப்பான். இவ்வாறு பாதிபாதியாகக் கழித்துச் சென்றால் ஆயிரம் பக்கத்திற்குப் பத்து முறை திறந்தாற் போதும்; பத்து லட்சத்திற்கு இருபது முறை போதும். இதை அவ்விளைஞன் நன்கறிவான். ஆனால் அவன் செய்தது யாது? தாளைப் பார்த்தபடி எட்டு நிமிடம் வாய் திறவாமல் இருந்தான். பிறகு பிழையற்ற விடையை எழுதி நீட்டினான். "நன்றி, தெரிவிக்கிறோம்" என்றனர். தெரிவிக்கவேயில்லை.

அவன் என்னிடம், "விடை சரியாகத்தானே இருந்தது?" என்று மனம் நொந்து கேட்டான். அருகில் இருந்த மற்றோர் இளைஞன், இரண்டாண்டுகளாக ஐதராபாத்தில் வேலை பார்ப்பவன், இதற்கு விடை சொன்னான்: "அண்ணா, அவர்கள் விடையை மட்டும் பார்ப்பதில்லை. நாளைக்குத் தம்மோடு உட்கார்ந்து வேலை செய்யும்போது இவன் எப்படி எண்ணுவான், தெரியாததைக் கேட்பானா, தவறென்று காட்டினால் திருத்திக்கொள்வானா என்று பார்க்கிறார்கள். நாம் பேசாமல் இருந்தால் அவர்களுக்கு என்ன தெரியும்?"

இது நம் பிள்ளைகளுக்குப் பெருந்தடை என்பது என் துணிபு. பெரியவர் எதிரே வாயை மூடிக்கொண்டிருப்பதே மரியாதை என்று நாம் வளர்த்திருக்கிறோம். முழுதும் தெரிந்த பிறகே பேச வேண்டும் என்று பள்ளியிலும் பழக்கியிருக்கிறார்கள். அங்கேயோ பாதி தெரிந்த நிலையிலேயே, "இப்படித் தொடங்கலாம் என்று நினைக்கிறேன், இது மெதுவாக இருக்கும், இன்னும் விரைவான வழி உண்டா என்று பார்க்கிறேன்" என்று வாய்விட்டு எண்ணுமாறு எதிர்பார்க்கின்றனர். அடக்கம் நல்ல குணமே. ஆனால் அடக்கத்திற்கும் ஊமையாய் இருத்தற்கும் வேறுபாடு உண்டன்றோ?

இரண்டாமவள் ஒரு பாயிண்ட்ஸ்மேனின் மகள். இவள் கதை எனக்கு மிகப் பிடித்தது. பேட்டியில் இவளிடம், "ஸ்டாக் என்றால் என்ன?" என்று கேட்டனர். கணிப்பொறி நினைவில் செய்திகளை அடுக்கும் முறை அது. கடைசியில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள இலக்கணத்தை ஒப்புவிக்கத் தொடங்கிய பெண், நடுவில் சொல் மறந்து தடுமாறினாள். பிறகு தைரியங்கொண்டு, "ஐயா, என் தந்தை வேலை பார்க்கும் கூட்ஸ் யார்டில் ஒரு பக்கம் மூடிய சைடிங் உண்டு. கடைசியாக உள்ளே தள்ளிய வேகன்தான் முதலில் வெளியே வரும். அதுவே ஸ்டாக்" என்றாளாம். வினவியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் 1, 2, 3 என்ற வரிசையில் வரும் மூன்று வேகன்களை உன் சைடிங்கில் வேண்டும்போது தள்ளி, வேண்டும்போது இழுத்து, 3, 1, 2 என்ற வரிசையில் வெளியே அனுப்ப முடியுமா?" என்று கேட்டார்.

அன்பர்கள் தீப்பெட்டிகளை வைத்துச் செய்து பார்க்கலாம். 3 முதலில் வெளிவர வேண்டுமானால் 1-உம் 2-உம் முன்பே சைடிங்கினுள் இருந்தாக வேண்டும். 2 வெளிப்புறமும் 1 உட்புறமும் இருக்கும். எனவே 2 வராமல் 1 வர இயலாது. மூன்று வேகன்களை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றுள் ஐந்து இயலும், இந்த ஒன்று மட்டும் இயலாது. அப்பெண் தாளில் சைடிங்கை வரைந்து, ஒவ்வொரு வேகனாக நகர்த்தி, பேசிக்கொண்டே இதைக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

பின்னர் நூலகத்து இளைஞர்கள் சொல்லி நான் அறிந்தது இது. டானல்டு கனூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1968-இல் வெளியிட்ட கணிப்பொறிப் பெருநூலின் முதற் பாகத்தில் ஸ்டாக்கை விளக்குவதற்கு இதே ரயில்வே சைடிங்கைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1961-இல் எழுதிய ஒரு கணக்கீட்டு முறைக்கு 'ஷண்டிங் யார்டு' என்றே பெயர் வழங்குகிறது. நம் காலனிப் பிள்ளைகள் தம் தந்தையின் தொழிலைச் சொல்ல வெட்கப்படுவதுண்டு. அத்தொழிலினுள்ளே அறிஞர்கள் தேடிய உவமை கிடந்தது என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

இப்பெண்ணுக்கு அவ்வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. மூன்றாம் சுற்றுவரை சென்று, காரணம் கூறப்படாமல் விடப்பட்டாள். அதன்பின் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாமவன், "உன்னைப் பற்றிச் சொல்" என்ற கேள்விக்குத் தந்தை பெயர், சொந்த ஊர், உடன்பிறந்தார் எத்தனை பேர், பத்தாம் வகுப்பில் எத்தனை மதிப்பெண் என்று வரிசையாக ஒப்புவித்தான். அவர்கள் பெண் பார்க்க வந்தவர்கள் அல்லர். நீ என்ன செய்தாய், எதில் இடர்ப்பட்டாய், அதை எப்படித் தீர்த்தாய் என்பதே அவர்களுக்கு வேண்டும். அமேசான் நிறுவனம் தனக்கென்று 16 கோட்பாடுகளை வகுத்து எல்லோரும் படிக்குமாறு வெளியிட்டிருக்கிறது. அங்கே கேட்கும் கேள்விகளிற் பல அவற்றையொட்டியே எழும். நிலைமை யாது, உன் பொறுப்பு யாது, நீ செய்தது யாது, விளைவு யாது என்று நான்கு படியாக விடை சொல்லப் பழகுதல் எந்த நிறுவனத்திற்கும் உதவும்.

நான்காமவன் தன் விண்ணப்பத்தில் கடையில் விலைக்கு வாங்கிய புராஜெக்ட் ஒன்றைத் தன்னுடையது என்று எழுதியிருந்தான். முதற்கேள்விக்கு விடை சொன்னான். "இந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்ற இரண்டாம் கேள்வியில் விழுந்தான். இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

அச்சத்தைப் பற்றி ஒரு சொல். "வீட்டில் தெரிந்தது அங்கே மறந்துபோகிறது" என்று பலர் கூறினர். இதைச் சாக்குப்போக்கு என்று பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டா. 2020-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரும் சேர்ந்து 48 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பகுதியார் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்கப் பலகையில் எழுதி விளக்கினர்; மற்றவர் அதே வினாவுக்குத் தனியறையில் விடை எழுதினர். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே குறைந்தது. பெண்களின் தொகை சிறிதே. ஆயினும் தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினர், பிறர் பார்க்க எழுதிய பெண்களுள் ஒருவரும் தேறவில்லை. ஆகவே தோற்று வந்த பெண்ணிடம், "உனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று கூறுவது கொடுமை மட்டுமன்று, பொய்யாகவும் இருத்தல் கூடும்.

தேர்வாளர்களும் முக்காலும் உணர்ந்தவர்கள் அல்லர். ஒரு காலத்தில் கூகுள் போன்ற இடங்களில் விந்தையான விடுகதைகளைக் கேட்டுவந்தனர். அந்நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பகுதிக்குத் தலைவராயிருந்த லாஸ்லோ பாக் என்பவரே, அவற்றால் ஒரு பயனும் இல்லை என்று 2013-இல் வெளிப்படையாகக் கூறிவிட்டார். பிரையன் ஆக்டன் என்பவர் 2009-இல் ஃபேஸ்புக்கில் வேலை கேட்டு மறுக்கப்பட்டார். அவரும் நண்பரும் சேர்ந்து தொடங்கிய வாட்ஸ்அப்பை 2014-இல் அதே ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. எல்லோரும் ஆக்டன் ஆகிவிட முடியாது. ஒரு நாளின் மறுப்பு ஒருவருடைய தகுதியின் முடிவான அளவு ஆகாது என்பதற்கே இதைச் சொன்னேன்.

தெரியாததைத் தெரியாது என்பது குற்றமா? மதுரையிற் பிறந்து சென்னையில் வளர்ந்து காரக்பூரில் படித்த சுந்தர் பிச்சை, 2004 ஏப்ரல் 1 அன்று கூகுளுக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். அன்றுதான் அந்நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தது. அதைப் பற்றி அவரிடம் கேட்டனர். ஏப்ரல் முதல் தேதியின் விளையாட்டாக இருக்கும் என்று அவர் எண்ணினார். அதைப் பயன்படுத்திப் பார்த்ததுமில்லை. நான்காவதாக வந்தவர், "பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்க, இல்லை என்றார். அவர் காட்டினார். ஐந்தாமவர் கேட்டபோது தம் கருத்தைச் சொல்ல முடிந்தது. 2017-இல் காரக்பூர் மாணவர்களிடம் அவரே கூறிய செய்தி இது. பொய்யாகத் தலையசைத்திருந்தால் நான்காமவர் காட்டியிருக்கவும் மாட்டார். ஐந்தாமவரிடம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

இப்போது மறைவிலிருந்து ஒருவர் விடை சொல்லிக்கொடுப்பதும், செயற்கை அறிவு நிரல்களைத் திரைக்குப் பின்னால் ஓடவிட்டு விடைகளைப் படிப்பதும் பெருகியிருக்கின்றன. இதனாலேயே பேட்டியில் ஒரு சுற்றையேனும் நேரில் வைத்துக்கொள்வதாக 2025-இல் பிச்சை கூறியிருக்கிறார். கடன் வாங்கிய விடை நேரில் உதவாது.

இனி, பாயிண்ட்ஸ்மேன் மகளின் கதைக்கு வருகிறேன். ஐந்தாம் முறையும் தவறியபின் அவள் தந்தை ஒரு மாலையில் பார்சல் ஆபீஸுக்கு வந்தார். "தம்பி, பெங்களூரில் ஒருவர் இருக்கிறாராம். இரண்டு லட்சம் கொடுத்தால் பேட்டியே இல்லாமல் பின்வாசல் வழியாக வேலை வாங்கித் தருவாராம். பிராவிடண்ட் பண்டில் போடலாமா?" என்று கேட்டார். அவர் கையிலிருந்த கடிதத்தில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தது. அனுப்பிய முகவரியோ யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறக்கூடிய முகவரி. "ஐயா, மகளிடம் கேட்டீர்களா?" என்றேன். கேட்கவில்லை. அவளை அழைத்தோம். அப்பெண் கடிதத்தைப் படித்துவிட்டு, "அப்பா, சைடிங்கில் பின்வாசல் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்று சேர்த்த பணம் இது. எனக்காக இதைத் தொலைத்தால் நான் எந்த வேலையில் உட்கார்ந்தாலும் நிம்மதியாக இருக்கமாட்டேன்" என்றாள். தந்தை கடிதத்தை மடித்துக் கிழித்தார்.

அன்பர்களே, இதை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ முதலிய நிறுவனங்கள், வேலைக்காக யாரிடமும் பணம் பெறுவதில்லை என்று தங்கள் வலைத்தளங்களிலேயே எச்சரித்திருக்கின்றன. பணம் கேட்பவன் வேலை தருபவன் அல்லன். தேர்வும் பேட்டியும் இன்றி வரும் நியமனக் கடிதத்தை நம்பலாகாது. அசல் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவைக்கக் கூடாது. ஒப்பந்தப் பத்திரம் இருந்தால் ஒவ்வொரு வரியையும் படித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். வெளிநாட்டு வேலையென்றால் இன்னும் பன்மடங்கு விழிப்பு வேண்டும். தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று சொல்லி இளைஞர்களை வரவழைத்து, எல்லை கடத்தி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வற்புறுத்திய கும்பல்களைப் பற்றி 2022 செப்டம்பரில் மத்திய வெளிவிவகார அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அவ்வாறு சிக்கியவர்களுள் நம் தமிழ் இளைஞர்களும் இருந்தனர்.

உண்மையான நியமனக் கடிதம் வந்தபின்னும் அவசரம் வேண்டா. 2022, 2023 ஆண்டுகளில் கடிதம் பெற்ற புதிய பட்டதாரிகள் பலர் மாதக்கணக்கிலும், சிலர் ஓராண்டுக்கு மேலும் சேர்க்கப்படாமல் காத்திருந்தனர். வேலையில் அமர்ந்து முதற்சம்பளம் கைக்கு வரும்வரை வேறு முயற்சிகளை நிறுத்தாதிருப்பதும், அதை நம்பிக் கடன் வாங்காதிருப்பதும் அறிவுடைமை.

அப்பெண் இப்போது நம்மூரிலேயே இருபது பேர் கொண்ட ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சம்பளம் பெரிதன்று, சொந்தமாக நிரல் எழுதும் வேலை. ஏழாம் பேட்டியில் கிடைத்தது. ஓராண்டு கழித்துப் பெரிய இடங்களுக்கு மீண்டும் முயல்வதாகச் சொல்கிறாள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பேட்டிக்குச் சென்று வந்த பிள்ளையிடம், "கிடைத்ததா?" என்று முதலிற் கேட்காதீர்கள். "என்ன கேட்டார்கள்?" என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்குவான். உங்களுக்குப் புரியாவிட்டாலும் கேளுங்கள்; புரியாத இடத்தில் இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். படிக்காத தாய்க்குத் தன் பாடத்தை விளங்க வைத்த பிள்ளை எந்தத் தேர்வாளருக்கும் விளங்க வைப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைச் சாப்பாட்டு வேளையில் எடுத்துப் பேசாதிருத்தலும் ஒரு பேருதவி.

சங்கத்துக் காரியக் கமிட்டியின் இசைவோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை நூலக அறையில் ஒத்திகைப் பேட்டி நடைபெறும். வேலையில் இருக்கும் நம் இளைஞர் மூவர் வினவ ஒப்புக்கொண்டிருக்கின்றனர். அவர்களுள் நம் பாயிண்ட்ஸ்மேன் மகளும் ஒருத்தி. பலகையும் சுண்ணக்கட்டியும் உண்டு. மற்றவர்கள் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கலாம். பலர் பார்க்கப் பேசிப் பழகுவதே இதன் நோக்கமாதலின், பார்ப்பவர்கள் மிகுதியாக வருவது நல்லது. காப்பிச் செலவை ஏற்க முன்வரும் அன்பர்கள் காரியதரிசியிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.